கடல் கடந்த நீலமலர்

நாம் நாள்தோறும் உண்ணும் உணவிலும், வாயிலில் வளர்க்கும் செடிகளிலும் கடல் கடந்து வந்தவை எத்தனை என்பதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. மிளகாயும் தக்காளியும் உருளைக்கிழங்கும் அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்டவை. கொங்கணக் கரையெங்கும் செழித்து நிற்கும் முந்திரி, போர்த்துகீசியர் பிரேசில் நாட்டிலிருந்து கொண்டுவந்த மரம். அயல்நாட்டுப் பொருள் வேண்டாம் என்று இவற்றையெல்லாம் விலக்கிவிட்டால், நம் அடுக்களையில் அடுப்பு எரியும், குழம்பு கொதிக்காது. வந்தவை நம்முடையவை ஆகிவிட்டன. எப்படி வந்தன, யார் கொண்டுவந்தனர், யாருடைய உழைப்பால் வேரூன்றின என்னும் கதைகளை மட்டும் நாம் மறந்துவிட்டோம்.

உணவுக்குப் பயன்படாது, கண்ணுக்கு மட்டும் விருந்தாகும் ஒரு நீலமலரின் கதையை இங்கே காண்போம். 'அகபாந்தஸ்' என்பது அதன் பெயர். நீண்ட பட்டையான இலைகள் அடியிலிருந்து கொத்தாக எழும். நடுவே இலையற்ற தண்டு ஒன்று நிமிர்ந்து நிற்கும். அதன் நுனியில் குடைக்கம்பிகள் போலப் பல காம்புகள் விரிய, ஒவ்வொன்றின் முனையிலும் நீல நிறத்தில் ஒரு சிறு மலர் பூத்திருக்கும். வெங்காயம் பூத்து நிற்பதைக் கண்ட உழவர்க்கு இவ்வமைப்புப் புதிதன்று. தாவர நூலாரும் இன்று இதனை வெங்காயமும் பூண்டும் அடங்கிய பெருங்குடும்பத்தில்தான் சேர்த்திருக்கின்றனர்.

இதன் தாயகம் ஆப்பிரிக்காவின் தென்கோடி. கேப் பகுதியின் பாறைச் சரிவுகளிலும், அதற்குக் கிழக்கே நேட்டாலின் புல்வெளிகளிலும், லெசோத்தோ, எஸ்வாட்டினி, மொசாம்பிக் ஆகிய நாடுகளிலும் இது தானாக வளர்கிறது. அங்கு வாழும் கோசா, சூலு மக்கள் ஐரோப்பியர் வருமுன்பே இச்செடியை நன்கு அறிந்திருந்தனர். கருவுற்ற பெண்களுக்கான மருந்தாக இதன் வேர் அவர்களிடையே வழங்கி வந்தது. உலகம் இதனை அழகுச் செடியாகக் கண்டுகொள்வதற்கு முன்னரே, அம்மக்கள் மருந்துச் செடியாகக் கண்டுகொண்டிருந்தனர் என்பதை முதலில் நினைவில் கொள்வது நன்று.

1652ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியார் கேப் முனையில் இறங்கினர். ஹாலந்திலிருந்து கீழ்த்திசைக்கு வரும் கப்பல்களில் மாலுமிகள் பச்சைக் காய்கறியின்றி நோயுற்று மடிந்தனர். அவர்களுக்குக் காய்கறியும் பழமும் தருவதற்காக அங்கே ஒரு தோட்டம் போடப்பட்டது. அத்தோட்டத்தின் வழியாகவும், அதனைச் சுற்றியிருந்த மலைகளில் செடி திரட்டியவர்களின் வழியாகவுமே தென்னாப்பிரிக்கச் செடிகள் பல ஐரோப்பா சென்றன.

இங்கு நமக்கு நெருக்கமான செய்தி ஒன்று உண்டு. அதே கம்பெனியார் பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டை கட்டி வாணிபம் செய்தவர்கள். நம் கரையிலிருந்து துணி ஏற்றிச் சென்ற அவர்களது வாணிபத்தில் மனிதர்களும் சரக்காயினர். சோழமண்டலக் கரையிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் மலையாளக் கரையிலிருந்தும் ஜாவா முதலிய தீவுகளிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டு செல்லப்பட்டோர் கேப் நாட்டின் வீடுகளிலும் வயல்களிலும் உழைத்தனர். அவர்களுள் பெரும்பாலோர்க்குச் சொந்தப் பெயர் கூட ஏட்டில் நிலைக்கவில்லை; உடைமையாளர் இட்ட பெயரோடு, ஏற்றுமதியான கரையின் பெயரே ஊர்ப்பெயராக ஒட்டிக்கொண்டது. ஐரோப்பியத் தோட்டங்களின் நீலமலர் வரலாற்றை எழுதுவோர், அம்மலர் கப்பலேறிய துறைமுகத்தில் நம் கரையினர் அடிமைகளாக இறக்கப்பட்டதையும் சேர்த்தே எழுதுவது முறையாகும்.

1679ஆம் ஆண்டளவிலேயே இச்செடி ஐரோப்பியத் தாவர ஏடுகளில் இடம்பெற்றுவிட்டது. ஆயின் இதற்கு என்ன பெயர் இடுவது என்பதில் அறிஞர்கள் தடுமாறினர். நீலமாய்ப் பூப்பதால் 'ஆப்பிரிக்க ஹயசிந்த்' என்றனர் சிலர். தாவரங்களுக்கு ஒழுங்கான பெயர்முறை வகுத்த ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ், 1753இல் இதனை விஷமூங்கில் என நம்மவர் கூறும் செடியின் இனமாகக் கொண்டு 'கிரினம்' என்று குறித்தார். மக்களோ லில்லி என்றனர். அத்துடன் நில்லாது 'நைல் நதி லில்லி' என்றும் அழைத்தனர். நைல் நதி பாய்வது ஆப்பிரிக்காவின் வடகிழக்கில். இம்மலர் பூப்பதோ தென்கோடியில். நைல் நதியை இச்செடி கண்டதே இல்லை. ஆப்பிரிக்கா என்றால் நைல் என்று மட்டும் அறிந்திருந்தவர்கள் இட்ட பெயர் அது. இன்றும் நாற்றுப் பண்ணைகளில் அப்பெயர் வழங்குகிறது.

வெளிமாநிலங்களில் வாழும் நமக்கு இது வேடிக்கையாகத் தோன்றாது. திருநெல்வேலிக்காரரும் பாலக்காட்டுக்காரரும் கர்நூல்காரரும் மங்களூர்க்காரரும் ஒருசேர 'மதராஸி' என்று அழைக்கப்பட்ட நகரத்தில் நாம் வாழ்கிறோம். தொலைவிலிருந்து பார்ப்பவனுக்கு ஒரு பெயர் போதும். அருகில் வந்து பார்ப்பவனுக்கே வேறுபாடுகள் புலப்படும். பெயர் தவறாக இருப்பது பெருங்குற்றமன்று. அத்தவறான பெயரைக் கொண்டே ஒருவரது இயல்பை முடிவு செய்துவிடுவதுதான் குற்றம்.

அருகில் வந்து பார்த்த ஒருவர் இம்மலருக்கும் கிடைத்தார். பிரான்சு நாட்டு நீதித்துறை அலுவலரான லெரித்தியே என்பவர், அலுவல் நேரம் போக எஞ்சிய பொழுதெல்லாம் தாவர ஆராய்ச்சியில் செலவிட்டவர். 1786இல் அவர் லண்டன் சென்று, அங்குள்ள கியூ தோட்டத்திலும் பிறவிடங்களிலும் இருந்த அயல்நாட்டுச் செடிகளைத் துருவி ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சியின் பயனாக 1789இல் வெளிவந்த நூலில், இச்செடி ஹயசிந்தும் அன்று, கிரினமும் அன்று, லில்லியும் அன்று, தனி இனம் என்று கண்டு 'அகபாந்தஸ்' எனப் பெயரிட்டார். 'அகாபே' என்னும் கிரேக்கச் சொல் அன்பையும், 'ஆந்தோஸ்' என்பது மலரையும் குறிக்கும். தமிழில் 'அன்புமலர்' எனலாம். அகம் என்று நம் முன்னோர் காதலைப் பாடும் பாட்டுக்குப் பெயரிட்டதை இச்சொல் நினைவூட்டலாம். ஆயினும் இரு சொற்களுக்கும் உறவில்லை, ஒலி ஒற்றுமை மட்டுமே.

தனிப்பெயர் கிடைத்த பின்னரும் ஆராய்ச்சி நிற்கவில்லை. 1965இல் தென்னாப்பிரிக்காவின் பிரான்சிஸ் லெய்ட்டன் அம்மையார் இவ்வினத்தில் 10 வகைகளைப் பிரித்துக் காட்டினார். 2003இல் மரபணுப் பொருளின் அளவையும் மகரந்தத்தின் நிறத்தையும் கொண்டு ஆராய்ந்தவர்கள் அவற்றை 6 ஆகக் குறைத்தனர். இவற்றுள் சில குளிர்காலத்தில் இலையுதிர்ப்பவை. சில ஆண்டு முழுதும் பசுமை மாறாதவை. உலகத் தோட்டங்களில் மிகுதியும் காணப்படுவது 'பிரீகாக்ஸ்' என்னும் பசுமை மாறா வகை. நேட்டாலும் அதனை அடுத்த கிழக்குக் கேப் பகுதியுமே அதன் தாயகம்.

நேட்டால் என்ற பெயரைக் கேட்டதும் தமிழ் நெஞ்சம் சற்றே அதிராமலிராது. 1860ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னைத் துறைமுகத்திலிருந்து 'துரூரோ' என்னும் கப்பல் புறப்பட்டது. நவம்பர் 16 அன்று அது டர்பன் துறையை அடைந்தபோது அதிலிருந்து இறங்கியோர் 342 பேர். கரும்புத் தோட்டங்களில் உழைக்க ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்கள் அவர்கள். தமிழரும் தெலுங்கருமே மிகுதி. 1911இல் இம்முறை நிற்கும்வரை ஏறத்தாழ 1,52,000 பேர் இந்தியாவிலிருந்து நேட்டாலுக்குச் சென்றனர். ஒப்பந்தம் முடிந்தபின் ஊர் திரும்பாமல் தங்கியவர்களுள் பலர் சிறு நிலங்களைக் குத்தகைக்கு எடுத்துக் காய்கறித் தோட்டம் போட்டனர். டர்பன் நகர மக்கள் உண்ட கீரையும் காயும் பெரும்பாலும் அவர்கள் கையால் விளைந்தவை. ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து, காந்தியடிகளின் அறப்போரில் சிறை சென்று, 1914இல் இளம் வயதிலேயே உயிர்நீத்த தில்லையாடி வள்ளியம்மையும் தென்னாப்பிரிக்கா சென்ற தமிழ்க் குடும்பத்தின் மகளே.

நம்மவர் அந்நாட்டு மண்ணில் வேரூன்றிய அதே நூற்றாண்டில், அந்நாட்டு மலர் நம் மண்ணில் வேரூன்றும் காலமும் வந்தது. ஐரோப்பாவில் இம்மலர் பெரும்பாலும் தொட்டியில்தான் வாழ்ந்தது என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். உறைபனியைத் தாங்காத இச்செடியைப் பெரிய மரத்தொட்டிகளில் நட்டு, கோடையில் மாளிகை முற்றத்து வெயிலில் வைப்பர். குளிர்காலம் வந்ததும் தொட்டியோடு தூக்கிக் கண்ணாடி மனைக்குள் கொண்டுபோய்க் காப்பர். ஏறத்தாழ 200 ஆண்டுக்காலம் இம்மலர் ஐரோப்பாவில் நடத்தியது தொட்டி வாழ்க்கையே. பிரெஞ்சு ஓவியர் மோனே, கிவெர்னி என்னும் ஊரில் தம் குளக்கரைத் தோட்டத்தில் இதனை வளர்த்து, முதுமையில் பெரிய ஓவியங்களிலும் தீட்டினார்.

நம் நாட்டில் ஆங்கிலேயர் மலைவாழிடங்களை அமைத்தபோது, தம் நாட்டுத் தோட்டங்களில் கண்டு பழகிய செடிகளையும் உடன் கொண்டுவந்தனர். உதகமண்டலத்தில் 1848இல் வந்திறங்கிய வில்லியம் கிரகாம் மக்கைவர், கியூ தோட்டத்தில் பயிற்சி பெற்றவர். தொட்டபெட்டா மலைச்சரிவில் 22 எக்டேர் பரப்பில் இன்று நாம் காணும் தாவரவியல் பூங்கா அவர் திட்டமிட்டது. நீலகிரியில் சிங்கோனா பயிரிட்ட முயற்சியிலும் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. கொடைக்கானலில் 1908இல் பிரையண்ட் என்னும் வனத்துறை அலுவலர் அமைத்த பூங்காவும் அவ்வழியில் வந்ததே. இம்மலைகளில் கேப் நாட்டுச் செடிகளுக்கு ஏற்ற குளிர்ச்சியும் வெயிலும் வடிகாலும் ஒருங்கே கிடைத்தன. கேப் நாட்டு வெள்ளை ஆரம் லில்லி இன்று மலை ஓடைக்கரைகளில் யாரும் நடாமலே பூத்துக் கிடக்கிறது. அகபாந்தஸும் பூங்காப் பாத்திகளிலும் பழைய பங்களாக்களின் படிவரிசைகளிலும் நீலம் காட்டி நிற்கிறது. அச்சரிவுகளைச் செதுக்கிப் படிகட்டியவர்களும், நீர் சுமந்தவர்களும், நாற்றுப் பெயர்த்து நட்டவர்களும் நம்மவர்களே. அவர்கள் பெயரைத் தாங்கிய பலகை எதுவும் பூங்கா வாயிலில் இல்லை.

மலையேறிய மலர் கடற்கரை நகரத்திற்கு எளிதில் இறங்கவில்லை. அந்நாளைய பம்பாயில் 1862இல் பைக்குல்லாவில் திறக்கப்பட்ட பூங்கா, இன்று வீரமாதா ஜிஜாபாய் போஸ்லே உத்யான் என்னும் பெயரில் விளங்குகிறது. உலகின் பல பகுதி மரங்களும் அங்கே நிழல் தருகின்றன. ஆயினும் இந்நகரின் மழை வேறு, வெப்பம் வேறு. ஜூன் முதல் செப்டம்பர் வரை நான்கு மாதங்களில் 2,000 மில்லி மீட்டருக்கு மேல் மழை கொட்டும் ஊர் இது. சதைப்பற்றுள்ள வேர்களைக் கொண்ட அகபாந்தஸ் நீர் தேங்கினால் அழுகிவிடும். ஐரோப்பியர் குளிருக்கு அஞ்சித் தொட்டியில் வைத்த செடியை நாம் மழைக்கு அஞ்சித் தொட்டியில் வைக்க வேண்டியவராகிறோம்.

தொட்டி என்றதும் தாராவியை நினையாதிருக்க இயலாது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தோல் பதனிடும் தொழிலில் ஈடுபட்ட நம்மவர் அங்கே குடியேறியதைப் போலவே, சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்களும் அங்கே குடியேறி 'கும்பார்வாடா' என்னும் பகுதியை அமைத்தனர். இன்றும் வீட்டு முற்றத்துச் சூளையில் அவர்கள் சுட்டெடுக்கும் பூந்தொட்டிகள் நகரெங்கும் செல்கின்றன. தென்னாட்டார் குடியேறிய மாதுங்காவின் மாடங்களிலும், பின்னர் செம்பூரின் முற்றங்களிலும் துளசியும் மல்லிகையும் வளர்வது இத்தகைய தொட்டிகளில்தான். சுட்ட மண் தொட்டியின் சிறப்பு யாதெனின், அதன் சுவரில் உள்ள நுண்துளைகள் வழியே ஈரம் கசிந்து ஆவியாகும். அதனால் உள்ளிருக்கும் வேர் குளிர்ந்து, காற்றும் பெறும். தாராவி மறுசீரமைப்புத் திட்டம் நடைபெறும் இந்நாளில், சூளையின்றி வீடு மட்டும் கிடைத்தால் தங்கள் தொழில் என்னவாகும் என்பதே அக்குயவர்களின் கவலை. நம் மாடத்துச் செடியின் வேர் அக்கவலையோடும் தொடர்புடையதே.

இனிக் கோபர்கைரனேக்கு வருவோம். 1970இல் சிட்கோ நிறுவனம் அமைக்கப்பட்டு, தாணே கழிமுகத்தின் கீழ்க்கரையில் நவி மும்பை திட்டமிடப்பட்டது. 1973இல் வாஷிப் பாலம் திறக்கப்பட்டபின், மாதுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் இடம் போதாத குடும்பங்கள் பல கழிமுகம் கடந்து இப்பக்கம் வந்தன. அவற்றுள் நம் குடும்பங்களும் உண்டு. 1960களில் 'மண்ணின் மைந்தர்' என்னும் முழக்கம் எழுந்தபோது அச்சத்தோடு கதவடைத்திருந்த நாட்களை நினைவில் வைத்திருந்த முதியோரும் அவ்வாறு வந்தவர்களுள் இருந்தனர். ஆயின் இங்கும் மண் வெறும் மண்ணாக இருந்ததில்லை. ஆக்ரி, கோளி மக்களின் நெல்வயலும் உப்பளமும் மீன்பிடி துறையுமாக இருந்த கரை இது. நிலத்துக்கு நியாயமான ஈடு கேட்டு இவ்வட்டார உழவர் 1984 ஜனவரியில் போராடியபோது துப்பாக்கிச் சூட்டில் ஐவர் உயிரிழந்தனர். தி. பா. பாட்டீல் தலைமையில் நடந்த அப்போராட்டத்தின் பயனாகவே, கையகப்படுத்திய நிலத்தில் 12.5 விழுக்காட்டைச் செப்பனிட்டு உரியவர்க்குத் திருப்பித் தரும் முறை வந்தது. நாம் வாழும் வரிசைவீட்டின் வாயிலில் ஒரு தொட்டி வைக்கும்போது, அதன் அடியில் ஒருவரது வயல் இருந்தது என்பதை அறிந்து வைப்பது மரியாதை.

அத்தொட்டியில் அகபாந்தஸ் வளர்க்க விரும்புவோர்க்குச் சில குறிப்புகள்: மாடங்களுக்கு உயர்ந்து வளரும் வகை ஆகாது. 'பீட்டர் பான்' போன்ற குறுவகைகள் ஒன்று அல்லது ஒன்றரை அடி உயரத்திலேயே பூப்பவை. ஓரடி அகலமுள்ள மண்தொட்டி போதும். அடித்துளையின்மேல் ஓட்டுச்சில் பரப்பி, செம்மண்ணும் மணலும் மட்கிய எருவும் கலந்து நிரப்புக. நாளொன்றுக்கு ஆறு மணி நேரமேனும் வெயில் படவேண்டும். நிழலில் இலை செழிக்கும், மலர் வாராது. மழைக்காலத்தில் தாழ்வாரத்தின் கீழ் ஒதுக்கி வைக்க வேண்டும். வேர் சற்று நெருங்கியிருப்பதை இச்செடி விரும்பும். நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை பிரித்து நட்டால் போதும். விதையிட்டு வளர்ப்பவர் பூவுக்கு மூன்று ஆண்டுகளேனும் காத்திருக்க வேண்டும். இதன் சாறு வாயில் பட்டால் எரிச்சலுண்டாகும். ஆகவே குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்க. குளிர்ந்த இரவுகளை விரும்பும் இச்செடி உதகையில் பூப்பது போல் இங்கே பூத்துக் குலுங்காது. ஒரு தண்டு எழுந்தாலும் மகிழ்ச்சியே.

அதனினும் எளிதில் இங்கே நீலம் காண விரும்புவோர்க்கு வேறு வழியும் உண்டு. அதே கேப் நாட்டிலிருந்து வந்த நீலச் சித்திரமூலம் இவ்வூர் வெயிலில் தளராது பூக்கிறது. நம் சங்குப்பூ, மராத்தியர் வீடுகளில் 'கோகர்ண' என்ற பெயரோடு வேலிகளில் படர்கிறது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொகுத்த மலர்களுள் கருவிளை என்பது இதுவே. இன்னும் ஒரு வியப்பு: நீலகிரியில் 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியின் நெருங்கிய உறவான 'கார்வி', மும்பையின் போரிவலிக் காட்டில் 8 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கிறது. 2016இலும் 2024இலும் அது பூத்தது. இந்நாட்டுப் பழங்குடியினர் அதன் தண்டுகளை நெருக்கி நட்டு மண் பூசிச் சுவர் எழுப்புவர். குறிஞ்சியைத் தொலைவில் விட்டுவந்தோம் என்று எண்ணியிருப்போர்க்கு, அதன் உடன்பிறப்பு பக்கத்து மலையிலேயே இருக்கிறது.

செடியையும் மனிதரையும் ஒப்பிடுவதற்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். நியூசிலாந்தில் அகபாந்தஸ் தோட்டம் தாண்டிப் பரவி, அந்நாட்டுச் செடிகளை நெருக்கியதால் களையென்று கருதப்படுகிறது. செடிக்குச் சிந்தையில்லை, தான் நிற்கும் இடம் யாருடையது என்று அது கேளாது. மனிதன் கேட்கலாம். அக்கரை மொழியைக் கற்கலாம். அண்டை வீட்டார் தம் பூவுக்கு இட்ட பெயரை அறியலாம். தன் பூவின் பெயரையும் அவர்களுக்குச் சொல்லலாம். வேரூன்றுதல் என்பது செடிக்கு மண்ணால் அமைவது; மனிதனுக்கு இத்தகைய அறிதலால் அமைவது.

டச்சுக்காரர் கப்பலும், துரூரோ கப்பலும், நம்மைக் கொண்டுவந்த ரயில் வண்டியும் வெவ்வேறு காலத்தவை. முதலதில் விலங்கும், அடுத்ததில் ஒப்பந்தமும், கடைசியில் பிழைப்பைத் தேடும் நம்பிக்கையும் பயணம் செய்தன. நம் பிள்ளைகள் தொட்டியில் பூத்த நீலமலரைப் பார்த்து இது எந்த ஊர்ப் பூ என்று கேட்பார்களாயின், ஒரே ஊரைச் சொல்லி முடித்துவிடாமல் இம்மூன்று பயணங்களையும் சேர்த்துச் சொல்வோமாக.